கடைக்கோடிக்கு ஒரு லாரி

மார்ச் 4

அண்ணிக்கு,

உங்கள் பழைய எண்ணுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. நல்ல மனிதர். மூன்றாவது தடவை நான் வாய் திறப்பதற்குள், "ஏம்மா, நானும் தண்ணிக்குத்தாம்மா காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆபீஸ்காரங்க நம்பரை மாத்திட்டாங்க, ஊரே என்னைத் திட்டுது" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு முதல் வார்த்தையே உதவி கேட்பதாக இருக்கிறது. எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் மையம் உங்களுக்குத் தெரியும். மாறாமல் அப்படியேதான் இருக்கிறது. ஆறு மெஷின், மூன்று ஷிஃப்ட், முப்பத்தாறு நோயாளிகள். ஒருவருடைய ரத்தத்தை ஒருமுறை சுத்தம் செய்ய முந்நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒன்று விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் ஐந்து நாளாக வரவில்லை. தரைத்தொட்டியில் அடிமட்டம் தெரிகிறது. அதில் ஒரு சீப்பு கிடக்கிறது. யாருடையது என்று எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த முப்பத்தாறு பேரில் அப்பாவும் ஒருவர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. திங்கள், புதன், வெள்ளி. பதினொரு மணி ஷிஃப்ட். ஜன்னலோரப் படுக்கை. கண்டக்டராக இருந்தபோது கிடைக்காத ஜன்னலோர சீட் இப்போது கிடைத்துவிட்டதாம். சிறுநீரகம் போன பிறகு அவர் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று டாக்டர் விட்டிருப்பது மூன்று டம்ளர். நேற்றுத் தெருவில் குடங்களோடு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, "ஊருக்கே என் வியாதி வந்துடுச்சு பாரு. எல்லாரும் அளந்து குடிக்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பை முடிக்க மூச்சுப் போதவில்லை.

ஊரில் எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர் என்ற அட்டவணையை நீங்கள்தானே போடுகிறீர்கள். எங்கள் பகுதிக்கு அரை மணி நேரம் கூட்டிப் போடுங்கள். அவ்வளவுதான்.

நீங்கள் விட்டுப்போன நீலத் துண்டு குளியலறை ஆணியிலேயே தொங்குகிறது. இன்னும் உங்கள் சுத்திகரிப்பு நிலையத்து பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கிறது. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "ஆபீசர் வந்துட்டாங்களா?" என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 9

உனக்கு,

கடிதம் நான்கு நாள் தபால் மூட்டையில் கிடந்து இன்றுதான் என் மேஜைக்கு வந்தது. அதன் மேலும் கீழும் இருநூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான் கேட்கிறது.

அரை மணி நேரத்தால் ஏன் பயனில்லை என்று சொல்கிறேன். ஏரியில் இருக்கும் தண்ணீரைப் பதினான்கு பகுதிகளுக்கு முறை வைத்து விடுகிறோம். முறை இல்லாத நேரத்தில் குழாய் காலியாகிவிடும். மறுபடி திறக்கும்போது முதல் நாற்பது நிமிடம் குழாயை நிரப்புவதற்கே போய்விடும். பிறகு வழியில் உள்ள வீடுகள் மோட்டார் போட்டு உறிஞ்சும். மிச்சம்தான் உங்கள் முனைக்கு வரும். உங்கள் பகுதிக்கு எங்கள் வரைபடத்தில் கடைக்கோடி என்று பெயர். ஐந்து நாளாக உங்களுக்குத் தண்ணீர் விடாமல் இல்லை. விட்டோம். வந்து சேரவில்லை. அரை மணி நேரம் கூட்டினால் நடுவில் இருப்பவர்களின் தொட்டிதான் நிரம்பும்.

உன்னிடம் புதிய எண்ணைத் தரப்போவதில்லை. தவறாக நினைக்காதே. யாருடைய குரலையாவது கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடையில் இரண்டு முறை அப்படிச் சொன்னேன். இரண்டு முறையும் கேட்கத் தெரியாத ஏதோ ஒரு தெருவிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தேன். காகிதத்தில் என்றால் என்னால் இல்லை என்று எழுத முடிகிறது.

நான் அட்டவணை போடுகிறவள். தண்ணீரை உண்டாக்குகிறவள் இல்லை. இதைத் தினமும் இருபது பேரிடம் சொல்கிறேன். உன்னிடமும் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

மாமாவின் எடை இப்போது எவ்வளவு? கால் வீக்கம் இருக்கிறதா? அவரிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

பாடம் நன்றாக இருந்தது. எங்கள் தையல்கார அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கை, ஆறு வருஷமாக மெஷினில் இருக்கிறார். "அப்ப நம்ம தண்ணியை வழியிலேயே குடிச்சிடுறாங்க. உங்க அண்ணி அதை வரைபடம் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நல்ல உத்தியோகம்" என்றார். நான் உங்களுக்காகப் பரிந்து பேசவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மையத்து முதலாளி தனியார் லாரியில் தண்ணீர் வாங்கினார். ஆழ்குழாய்த் தண்ணீர், வாயில் வைத்தால் கடல். இரண்டே நாளில் வடிகட்டும் சவ்வில் உப்புப் படிந்து பாதித் தண்ணீர்தான் வருகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸை மூன்றாகக் குறைத்தோம். பிறகு வாரம் மூன்று முறையை இரண்டாக்கினோம். நீங்கள் முறை வைப்பது போலவே நானும் ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒட்டிய அன்றைக்கு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் வேலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

அப்பாவின் பெயரை நான் கடைசியில்தான் போட்டேன். என் அப்பா என்பதால் முதலில் போட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா. அதனால் அவருக்கு இந்த வாரம் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது.

எடை கேட்டிருந்தீர்கள். இருக்க வேண்டியதைவிட ஐந்து கிலோ அதிகம். அவ்வளவும் தண்ணீர். ஊரில் எங்கேயும் இல்லாத தண்ணீர் அவர் காலிலும் நெஞ்சிலும் தேங்கிக் கிடக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே இருக்கிறார். இதயம் ஏற்கெனவே பலவீனம், இந்த எடையை வெகு நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்களிடம் கேட்க வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். "அவ வேலைக்கு உலை வச்சிடாதே" என்றார். நீங்கள் போன பிறகும் உங்களுக்காகத்தான் பேசுகிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான் கேட்கிறேன். அட்டவணையில் இல்லாத தண்ணீர் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் பாடம் எழுத வேண்டாம்.


மார்ச் 17

அன்புள்ள வாலுக்கு,

மாமா உனக்கு வைத்த பெயரை நான் பயன்படுத்தலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற டிரைவரின் லாரியில் ஒன்பதாயிரம் லிட்டர் இருக்கிறது. எங்கள் நிலையத்துத் தண்ணீர், உப்பு இல்லை. நாளைக் காலை உன் மையத்துத் தொட்டியில் இறக்கிவிடுவார். இது வேறொரு தெருவின் முறைக்குப் போக வேண்டிய லாரி. எந்தத் தெரு என்று நீ கேட்காதே. எனக்குத் தெரியும், அது போதும்.

அனுப்புவது என்று முடிவு செய்த பிறகு மனம் லேசாகிவிட்டது. அதனால் இரண்டு வருஷமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

உன் அண்ணன் இறந்து மூன்றாவது மாதம். காலையில் குழாயைத் திறந்து குடத்தை வைத்துவிட்டு நான் நின்றுகொண்டிருந்தேன். குடம் நிரம்பி வழிந்து சமையலறை முழுக்கத் தண்ணீர். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. நீ ஓடி வந்து குழாயை மூடினாய். "ஊருக்கெல்லாம் முறை வச்சுத் தண்ணி விடுறீங்க, வீட்டுக் குழாயை மூடத் தெரியல. அண்ணனே இல்ல. இனிமே இங்க யாருக்காக இருக்கீங்க?" என்றாய்.

நீ கோபத்தில் சொன்னாய். அன்று சாயங்காலமே மறந்திருப்பாய். நான் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். யாருக்காக இருக்கிறேன்? பதில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பதில் இல்லாமல் ஒரு வீட்டில் இருப்பது சரியில்லை என்று தோன்றியது. பெட்டியைக் கட்டினேன். மாமா வாசல்வரை வந்து, "எறங்கறவங்க பாத்து எறங்கணும்" என்று மட்டும் சொன்னார், பஸ்ஸில் சொல்வது போல.

இந்தச் சுத்திகரிப்பு நிலையக் குடியிருப்பின் ஒற்றை அறையில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் யோசித்ததில் பதில் கிடைத்துவிட்டது. மிகச் சாதாரணமான பதில். மாமாவுக்காகவும் உனக்காகவும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எதற்கு இரண்டு வருஷம் ஆனது என்று தெரியவில்லை. அன்றைக்கே உன்னிடம் திரும்பி, "உனக்காகத்தான்டி" என்று சொல்லியிருந்தால் நீயும் அழுதிருப்பாய், நானும் அழுதிருப்பேன், தரையைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்போம்.

இப்போதும் இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மையத்து எண் என்னிடம் இருக்கிறது. எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். நீ "சொல்லுங்க" என்று விறைப்பாகக் கேட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று பயம்.

மாமாவுக்கு நான்கு மணி நேரமும் முழுதாகப் போடு. அவர் பெயரை இந்த முறை முதலில் போடு. யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

இன்னொன்று. நகரத்தில் வயிற்றுப்போக்கு பரவுவதால் எல்லா லாரிகளிலும் குளோரினை இரண்டு மடங்காகப் போடச் சொல்லி நேற்று நானே சுற்றறிக்கை அனுப்பினேன். இந்த லாரியிலும் அப்படித்தான் இருக்கும். குடிக்கிறவர்களுக்குக் கெடுதல் இல்லை. உங்கள் மெஷினுக்கு அது ஆகாது என்று நீ எப்போதோ சொன்னதாக ஞாபகம். ஏற்றுவதற்கு முன் சோதித்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 19

அண்ணி,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நேற்று மதியம் ஒன்றரை மணிக்குப் படித்தேன். ஷிஃப்ட் பதினொரு மணிக்குத் தொடங்கியது.

லாரி ஒன்பதரைக்கு வந்தது. மையத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தையல்கார அக்கா டிரைவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். குழாயைத் தொட்டிக்குள் விட்டு டிரைவர் கடிதத்தைக் கொடுத்து, "அம்மா எல்லாம் எழுதியிருக்காங்களாம், படிச்சுக்கச் சொன்னாங்க" என்றார். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தேன். "இனிமே இங்க யாருக்காக இருக்கீங்க" வரைக்கும். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. இத்தனை பேர் நடுவில் அழக் கூடாது என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து தனியாக உட்கார்ந்து படிக்கலாம், நிதானமாகப் படிக்க வேண்டிய கடிதம் என்று நினைத்தேன்.

நான் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அதை நீங்கள் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. புதுத் தண்ணீர் இறங்கினால் கரி ஃபில்டரைத் தாண்டி வரும் தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். குளோரின் ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பத்து வருஷமாக ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பார்த்திருக்கிறேன். நேற்றுக் காலை பழைய தண்ணீருக்குப் பார்த்து நோட்டில் எழுதியிருந்தேன். சொட்டுப் பாட்டிலில் ஒரு விரற்கடைதான் மிச்சம், அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "சீக்கிரம் போடும்மா, முட்டுது" என்றார். எல்லாம் சேர்ந்து கொண்டது என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையில்லை. உண்மை வேறு.

தொட்டி மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. தூக்கலாக. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வாசனைக்கே நான் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். நேற்று எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அண்ணி வந்துவிட்டார்கள். அப்பாவும் உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார், "ஆபீசர் வந்துட்டாங்க போல!" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சொட்டுப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஒரு மணிக்குத் தையல்கார அக்கா முதுகு வலிக்கிறது என்றார். பிறகு ஜன்னலோரப் படுக்கையைப் பார்த்தேன். அப்பாவின் குழாயில் ரத்தம் ரத்தமாக இல்லை. வெளிச்சம் ஊடுருவியது. ஆறு மெஷினையும் நிறுத்தினேன். எல்லோரையும் ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுப் பையில் கைவிட்டபோது உங்கள் கடிதம் இருந்தது.

ஐந்து பேர் தேறிவிட்டார்கள். அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் இருக்கிறார். ரத்தம் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, ஏற்றுகிறார்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


மார்ச் 21

வாலு,

சுற்றறிக்கை என்னுடையது. லாரி என்னுடையது. உன் மெஷினுக்கு ஆகாது என்று எனக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் அதை முதல் வரியில் எழுதாமல், என் மனபாரத்தையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, கடைசியில் "இன்னொன்று" என்று எழுதியிருக்கிறேன். இருபது வருஷமாகக் கடைக்கோடிக்கு எதுவும் போய்ச் சேராது என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிற நான்.

போனை எடுத்திருந்தால் பத்து விநாடி. "டெஸ்ட் பண்ணிக்கோ." மூன்று வார்த்தைகூட இல்லை.

விசாரணை வரும். அந்தக் கடிதத்தை அவர்களிடம் கொடு. முறை தவறி லாரி அனுப்பியது நான் என்பதற்கு அதில் என் கையெழுத்து இருக்கிறது. நாளை நானே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லப்போகிறேன். என்ன தண்டனையானாலும் சரி. ஏதாவது ஒன்று கிடைத்தால் மூச்சு விடலாம் போல இருக்கிறது.

மாமாவைப் பார்க்க வரலாமா? நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

அண்ணி


மார்ச் 26

அண்ணி,

கடிதத்தைக் கொடுத்தால் இருவரும் மாட்டிக்கொள்வோம் என்பதை நீங்கள் யோசிக்கவில்லையா? நீங்கள் அனுப்பியதற்கும் அதுதான் சாட்சி, எனக்கு எச்சரிக்கை வந்ததற்கும் அதுதான் சாட்சி. யோசித்திருப்பீர்கள். நானும் யோசித்தேன். கிழித்துப்போட அடுப்படிவரை கொண்டுபோனேன். என்னால் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு எனக்கு வந்த பதில் அது ஒன்றுதானே.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். எல்லாக் காகிதத்தையும் கேட்டார்கள். கொடுத்தேன், உங்கள் கடிதத்தையும் சேர்த்து. நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலாக மடிந்திருந்த நடுப்பக்கத்தைப் படித்தார். பாதியில் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மடித்து என் பக்கம் தள்ளி, "இது உங்க வீட்டு விஷயம்மா. இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். பத்திரமா வச்சுக்குங்க" என்றார். மரியாதைக்காரர். பக்கத்தைத் திருப்பவில்லை.

"திருப்பிப் பாருங்க சார்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

கரி ஃபில்டர் மாற்ற வேண்டிய தேதி தாண்டியிருந்ததாம். அதுதான் காரணம் என்று எழுதி மையத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள். முப்பத்தாறு பேரும் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்கள். தையல்கார அக்கா நான்கு இடத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். எல்லா இடத்திலும் காத்திருப்போர் வரிசை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "உன் மேல தப்பில்லம்மா, ஃபில்டர் பழசாம்ல" என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒருமுறைதான் இடம் கிடைக்கும் என்கிறார்கள். வந்து பாருங்கள். சாயங்காலம் நான்கு முதல் ஐந்து. எனக்குத்தான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியுமா என்று தெரியவில்லை.


ஏப்ரல் 1

வாலு,

நேற்று வந்தேன். நீ குடிதண்ணீர் பிடிக்கக் கீழே வரிசையில் நின்றிருந்தாய். மாடிப்படித் திருப்பத்திலிருந்து உன் பின்னந்தலையைப் பார்த்தேன். முடி இவ்வளவு நரைத்துவிட்டதா? கூப்பிடவில்லை.

மாமா விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன ஆபீசர், இன்னைக்கு நம்ம ஏரியா முறையா?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். கையை ஆட்டி நிறுத்தினார். "அன்னைக்கு அவ பாட்டிலை எடுத்துட்டுத் திரும்ப வச்சதை நான் பாத்தேன். நான்தான் அவசரப்படுத்துனேன். அவகிட்டச் சொல்லிடாதே, நான் பாத்தேன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா" என்றார்.

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். இப்போது எழுதிவிட்டேன். முக்கியமானதை மறைத்தும் தள்ளியும் வைத்த பாவம் எனக்குப் போதும்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டார், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு, "நல்ல நேரம் பாத்து வந்தீங்க. உங்களை அனுப்பிட்டா நாளைக்கு அட்டவணை யாரும்மா போடுவா? ஏரியில பதினோரு நாள் தண்ணி இருக்கு. மழை வரட்டும், அப்புறம் பேசலாம். போங்க" என்றார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. திரும்பி வந்து அடுத்த வாரத்து அட்டவணையைப் போட்டேன்.

அன்றைக்கு லாரி போகாத தெருவிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் ஒன்று. மூன்று நாள் விடுமுறை விட்டார்களாம். அடியில் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அண்ணி


ஏப்ரல் 10

அண்ணி,

அப்பா செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டார். உங்களுக்கு அன்றைக்கே சொல்லியனுப்பினேன். நீங்கள் ஏரியில் அடித்தண்ணீரை எடுக்க மிதவை பம்பு இறக்கும் இடத்தில் இருந்ததாகவும், செய்தி மறுநாள்தான் சேர்ந்ததாகவும் டிரைவர் சொன்னார். நம்புகிறேன். உங்களுக்கு எதுதான் நேரத்துக்குச் சேர்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போய், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இனிமே அளவெல்லாம் பாக்க வேண்டாம், கேட்டதைக் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒரு சொம்பு தண்ணி" என்றார். "டம்ளர்ல இல்ல. சொம்புல."

வீட்டில் அரைக் குடம் இருந்தது. ஒரு சொம்பு நிறையக் கொடுத்தேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நிறுத்தாமல் குடித்தார். கழுத்து எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார். கொடுத்தேன். பாதிதான் போனது.

மறுநாள் அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. குழாயில் காற்று வந்தது. கடைக்கோடிக்கு அன்றைக்கு முறைதான், நீங்கள் போட்ட அட்டவணையில் இருந்தது. மையத்து ஆட்கள் தெரிந்து வந்தார்கள். தையல்கார அக்கா ஒரு பாட்டில் கொண்டுவந்தார், தன் மூன்று டம்ளரிலிருந்து. அப்படியே ஒவ்வொருவரும். யார் வீட்டிலும் ஒரு வாளி இல்லை. செம்பு, பாட்டில், மூடி போட்ட டப்பா. அதையெல்லாம் ஊற்றி ஒரு வாளி சேர்ந்தது. அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன் அண்ணி. அவர்களுக்கு நான் செய்தது எதுவும் தெரியாது.

அப்பா பார்த்தார் என்று எழுதியிருந்தீர்கள். எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியதும் சரிதான். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உங்கள் நீலத் துண்டை மிச்சத் தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். வாசனை போகவில்லை. இப்போது அது மூக்கில் ஏறினால் எனக்கு அந்தத் தொட்டி மூடி ஞாபகம் வருகிறது, எழுந்து வெளியே போய்விடுகிறேன். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.


ஏப்ரல் 13

வாலு,

நீ எழுதியதை நான் நான்கு பக்கமும் ஒரே மூச்சில் படித்தேன். இனி எந்தக் கடிதத்தையும் முதலில் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.

என் அறையில் ஒரு படுக்கை, ஒரு மேஜை. ஜன்னலுக்கு வெளியே குளோரின் கொட்டகை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் என் கையில், முடியில், புடவையில் எல்லாம் அந்த வாசனைதான். எனக்கு அது தெரிவதே இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு கையை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். "நம்ம எல்லார் மேலயும் அடிக்குதுங்க" என்றார்.

உன்னைத் தனியாக அந்த வீட்டில் விட எனக்கு மனமில்லை. யாருக்காக இருக்கிறேன் என்ற கேள்விக்கு இருந்த இரண்டு பதிலில் ஒன்று போய்விட்டது. ஆனால் நான் வந்தால் அந்த வாசனையும் கூடவே வரும். உன் குளியலறையில், ஆணியில், தலையணையில் எல்லாம். உன்னால் தாங்க முடியுமா என்று நீ சொல்ல வேண்டும். முடியாது என்றால் முதல் வரியிலேயே எழுதிவிடு.

புதிய எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ கூப்பிட மாட்டாய் என்று தெரியும். இருக்கட்டும்.

உங்கள் தெருவுக்கு வரும் வியாழன் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை போட்டிருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

வாருங்கள்.

இதை முதல் வரியில் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முதல் சில நாள் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையிலிருந்து துண்டை எடுத்து ஆணியில் மாட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை தண்ணீர் என்று போட்டிருக்கிறீர்கள். வராது. உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் குடத்தை வைத்துவிட்டு இருவரும் நிற்கலாம்.